பூட் ஒன்று, ரூட் ஒன்று: இரண்டு பிளாப்பியும் ஒரு 486-ம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. போன செமஸ்டரில் பத்து நாள் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். யாருக்காவது பயன்பட்டால் மகிழ்ச்சி.

எங்கள் வீட்டில் பன்னிரண்டாவதுக்கு மேல் படிப்பது நான்தான் முதல். அக்கா 2018-ல் பிளஸ் டூ முடித்தது. அதோடு வேலைக்குப் போய்விட்டது. அரசுப் பள்ளியில் அதற்குக் கொடுத்த லேப்டாப்பை மட்டும் விற்காமல் துணியில் சுற்றி வைத்திருந்து, நான் டிப்ளமோ சேர்ந்த அன்று கையில் கொடுத்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. நான் அதை எடுத்துவிட்டு டெபியனையே போட்டுக்கொண்டேன். ஒருநாள் அப்டேட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கறுப்புத் திரை. கடைசி வரி இது:

கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக் (0,0)

நான் தமிழ் மீடியம். பேனிக் என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது! ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "போர்டு போயிடுச்சு தம்பி, மூவாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார்கள். அக்காவிடம் சொல்லவில்லை. லேப் சாரிடம் சொன்னேன். அவர் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். பதில் சொல்லாமல் ஸ்டாக் ரூமில் கிடந்த ஒரு 486-ஐக் காட்டினார். "இதுல பிளாப்பி வெச்சு லினக்ஸ் ஏத்து. ஏத்திட்டியானா உன் லேப்டாப்புக்கு என்னன்னு நீயே சொல்லுவ" என்றார். சி.டி. டிரைவ் கிடையாது, யு.எஸ்.பி. கிடையாது, ராம் 8 எம்.பி. அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

முதலில் பிளாப்பியின் கணக்கு. மூன்றரை அங்குல வட்டு. ஒரு பக்கத்துக்கு 80 டிராக், டிராக்குக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட், இரண்டு பக்கம். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்.பி. என்கிறார்கள். லினக்ஸின் மூளையான கெர்னலும், அது வேலை செய்யத் தேவையான கோப்புகளும் ஒரே பிளாப்பியில் அடங்கவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸைப் பற்றி அறிவித்தார். அதன் பிறகு சீக்கிரமே பூட் பிளாப்பி ஒன்று, ரூட் பிளாப்பி ஒன்று என்று ஜோடியாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1993 ஜூலையில் வந்த முதல் ஸ்லாக்வேர் மொத்தம் 24 பிளாப்பி.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிற்கிற கன்டெய்னர் வண்டிகளைப் பாருங்கள். முன்னால் இழுக்கிற வண்டி தனி, பின்னால் டிரெய்லர் தனி. பூட் டிஸ்க்கில் வருகிற கெர்னல் இழுக்கிற வண்டி. ரூட் டிஸ்க் டிரெய்லர். கட்டளைகள், இன்ஸ்டால் செய்யும் செட்டப் நிரல் எல்லாம் அதில்தான் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். கெர்னல் முதலில் எழுந்து, ரூட் டிஸ்க்கைப் போடச் சொல்லி, அதை ராமுக்குள் விரித்து வைத்துக்கொள்ளும். விரிக்கிற இடத்துக்கு ராம்டிஸ்க் என்று பெயர். வழக்கமான அளவு 4,096 கே.பி. மொத்தமே 4 எம்.பி. ராம் உள்ள மெஷினில் இது ஏன் நடக்காது என்பது இப்போது புரியும்.

நான் எடுத்துக்கொண்டது 1998-ல் வந்த ஸ்லாக்வேர் 3.6. பூட்டுக்கு பேர்.ஐ, ரூட்டுக்கு கலர்.ஜிஇசட். ரிச்சி தெருவில் பழைய யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். நண்பனின் லேப்டாப்பை இரவல் வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

முதல் தப்பு, கோப்பைச் சும்மா பிளாப்பிக்குள் காப்பி செய்தது. 486 உடனே "நான்-சிஸ்டம் டிஸ்க்" என்றது. இமேஜ் கோப்பை அப்படிக் காப்பி செய்யக் கூடாது. அது பிளாப்பியின் முதல் செக்டாரிலிருந்து பைட் பைட்டாக இறங்க வேண்டும். டாஸில் ரா-ரைட், லினக்ஸில் டிடி, இரண்டும் இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் லினக்ஸில் எஸ்டிபி மாதிரி ஒரு பெயரில் வரும், எஸ்டிஏ பெரும்பாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க். ஒரு எழுத்து மாறினால் ஹார்ட் டிஸ்க்கின் தலையிலேயே எழுதிவிடும். எல்எஸ்-பிளாக் என்று அடித்து, 1.4எம் என்று அளவு காட்டுவது எதுவோ அதில் மட்டும் எழுதுங்கள். (இரவல் லேப்டாப் என்பதால் நான் மூன்று தடவை பார்த்தேன்.)

அடுத்த முறை பூட் பிளாப்பி எழுந்தது. லோடிங் என்று வந்து புள்ளி புள்ளியாக ஓடியது. இந்தப் புள்ளிகள் பாதியில் நின்றால் பூட் பிளாப்பியைத்தான் சந்தேகப்பட வேண்டும்; ரூட்டை மாற்றிப் பிரயோஜனமில்லை, இன்னும் அதுவரை போகவே இல்லை. எனக்கு நிற்கவில்லை. ரூட் பிளாப்பியைப் போட்டு என்டர் தட்டு என்று கேட்டது. போட்டேன். ராம்டிஸ்க், சுருக்கிய இமேஜ் கிடைத்தது என்றது. பிறகு டிரைவ் கறகறவென்று இழுத்தது.

ஐ/ஓ எரர், டெவ் 02:00, செக்டார் 1373

அதன் கீழே சிஆர்சி எரர். அதற்கும் கீழே, அக்கா லேப்டாப்பில் பார்த்த அதே பேனிக், அதே அனேபிள் டு மவுன்ட் ரூட். எண் மட்டும் வேறு, 02:00. எனக்குக் கை நடுங்கியது. போர்டு போகாத 486-லும் இதே வரி வருகிறதே!

அன்று ராத்திரி நைனாவிடம் சொன்னேன். நைனா டிரெய்லர் ஓட்டுகிறார். "இன்னாடா, காயலாங்கடைக்குப் போவ வேண்டியதெல்லாம் உனுக்குப் பாடமா?" என்று கேட்டுவிட்டு, "முன்னால இருக்கிற வண்டி ஸ்டார்ட் ஆச்சா?" என்றார். "ஆச்சு நைனா." "அப்ப அத்த விட்டுடு. கிங்பின் லாக் ஆவல. பின்னால பாரு."

பின்னால் பார்த்தேன். 02 என்பது பிளாப்பி, 00 முதல் டிரைவ். 03:01 என்று வந்திருந்தால் ஹார்ட் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன். செக்டார் எண்ணை 36-ஆல் வகுத்தால் (இரு பக்கமும் சேர்த்து) டிராக் கிடைக்கும். 1373-ஐ வகுத்தால் 38, மீதி 5. அதாவது 38-ஆம் டிராக். மறுபடி போட்டேன், அதே 1373. ஒரே இடத்தில் மாட்டினால் வட்டில் கோளாறு. ஷட்டரை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், வட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. நம் பக்கத்துக் கடல் காற்றில் இரும்பே நிற்பதில்லை, பிளாப்பி எந்த மூலை?

வேறு பிளாப்பியில் எழுதி, சிஎம்பி கட்டளையால் மூலக் கோப்போடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. 486-ல் போட்டால் மறுபடி எரர், ஆனால் இந்த முறை செக்டார் 610. இன்னொரு தரம், 1902. இடம் மாறிக்கொண்டே இருந்தால் வட்டை விட்டுவிட்டு டிரைவைப் பார்க்க வேண்டும். டிரைவைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டை மெதுவாகத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. அதுவும் பயன்படாமல் போயிருந்தால் ஹெட் இடம் விலகியிருக்கும். அப்போது பிளாப்பியை அதே டிரைவில் எழுதி அதிலேயே படித்தால்தான் சரிப்படும்.

சொந்தமாகக் கெர்னல் செய்து பிளாப்பியில் இறக்குபவர்களுக்கு ஒன்று. ரூட் பிளாப்பியைக் கேட்கவே கேட்காமல் பேனிக் ஆகலாம். பழைய கெர்னலில் ஆர்டெவ் கட்டளையால் 49152 என்று எழுத வேண்டும். ராம்டிஸ்க்கை ஏற்று என்பதற்கு 16384, கேட்டுவிட்டு ஏற்று என்பதற்கு 32768, இரண்டின் கூட்டல். கெர்னல் 2.6-ல் பிளாப்பியிலிருந்து நேராக பூட் ஆகும் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

துடைத்த பிறகு போட்டேன். கறகற இல்லை. ஸ்லாக்வேர் லாகின் என்று வந்தது. ரூட் என்று அடித்தேன். ஹேஷ் குறி வந்து கண் சிமிட்டியது. பிறகு செட்டப் ஓடி, அடிப்படையான ஏ வரிசையை மட்டும் ஏற்றி முடிக்க இரண்டு மதியம் ஆனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, பிளாப்பி மாற்றுகிற வேலைதான்.

இப்போது லேப்டாப். இன்றைய லினக்ஸிலும் டிரெய்லர் உண்டு. பிளாப்பிக்குப் பதில், கெர்னலோடு ராமில் ஏறும் இனிட்-ராம்-எஃப்எஸ் என்ற கோப்பு. அன்னோன்-பிளாக் (0,0) என்றால் ரூட் எந்தச் சாதனத்தில் என்றே கெர்னலுக்குத் தெரியவில்லை என்று பொருள். பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன், எழுந்துவிட்டது. உள்ளே பார்த்தால் பூட் பார்ட்டிஷன் நிரம்பி, புதிய கெர்னலுக்கு அந்தக் கோப்பு உருவாகவே இல்லை. பழசு இரண்டை நீக்கி, அப்டேட்-இனிட்-ராம்-எஃப்எஸ் கொடுத்தேன். நாலு நிமிஷம். மூவாயிரத்து ஐநூறு மிச்சம். அக்காவிடம் அன்றைக்குத்தான் முழுக்கதையும் சொன்னேன். "அப்டேட் பண்ணும்போது தூங்கப் போவியா?" என்று தலையில் ஒன்று வைத்தது.

486 ஸ்டாக் ரூமில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. பயாஸ் பேட்டரி செத்துவிட்டது, ஆகவே ஒவ்வொரு முறையும் ஏ டிரைவ் 1.44 என்று நீங்களே கொடுக்க வேண்டும். சரிபார்த்த பூட், ரூட் பிளாப்பிகளை டிபன் பாக்ஸ் ஒன்றில் போட்டு சாரிடம் கொடுத்திருக்கிறேன். எடுப்பவர்கள் எழுதும் துளையைத் திறந்தே வையுங்கள். மூடினால் யாராவது மேலே எழுதிவிடுவார்கள்.