இனாமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்குவோர்

சிறு தொழில் செய்வோரிடையே வேரூன்றிப்போன சில அபிப்பிராயங்கள், அவர்களுடைய கைப்பொருளைக் கரைப்பதோடு நில்லாமல், தம் தொழிலின்மீது அவர்களுக்கு இருக்க வேண்டிய அதிகாரத்தையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகின்றன. மாவு மில் வைத்திருப்பவர், லேத் பட்டறை நடத்துபவர், வீட்டிலிருந்தபடியே ஊறுகாயும் வடகமும் போட்டு விற்கும் பெண்மணி ஆகிய இவர்களுக்கென்று அரசாங்கமும் தனியார் ஸ்தாபனங்களும் கட்டணமின்றித் திறந்துவைத்திருக்கும் இணையச் சாதனங்கள் இன்று அநேகம். ஆயினும் அவற்றைத் தம் கையால் திறந்து பார்க்கத் துணியாதவர் பலர். இதற்கு அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. சர்க்கார் காரியம் என்றால் நடுவில் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது தலைமுறைதோறும் அவர்கள் பட்டறிந்த விஷயம். அந்த அனுபவம் பொய்யன்று, ஆனால் இன்றைய நிலைக்கு அது முழுவதும் பொருந்துவதும் அன்று.

"பணம் கட்டாமல் பதிவு கிடைக்காது"

முதலில் உத்யம் பதிவை எடுத்துக்கொள்வோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலை 1 முதல் நடத்திவரும் இந்தப் பதிவுக்கு ஒரு பைசாவும் கட்டணம் இல்லை. தொழில் செய்பவரின் ஆதார் எண்ணும் பான் எண்ணும், ஜி.எஸ்.டி. பதிவு உடையவராயின் அந்த எண்ணும் இருந்தால் போதும். தஸ்தாவேஜு எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. தம் தொழிலைப் பற்றித் தாமே அளிக்கும் உறுதிமொழியின் பேரில் சான்றிதழ் வந்துசேரும். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது; ஆகவே புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால், அவர் இல்லாத ஒரு காரியத்துக்கு விலை கேட்கிறார் என்று அறிக. விவரங்கள் மாறும்போது திருத்திக்கொள்வதும் இனாமே.

அப்படியிருந்தும், இணையத்தில் 'உத்யம்' என்று தேடுகிறவர் கண்ணில், மூவர்ணத்தையும் அரசு முத்திரையை ஒத்த சின்னங்களையும் முகப்பில் தாங்கிய தனியார் தளங்கள் வந்து நிற்கின்றன. அவை ஆயிரமும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டு, நாம் நிரப்ப வேண்டிய அதே படிவத்தைத் தாம் நிரப்பித் தருகின்றன. தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. என்ற மூன்று எழுத்துகளோடும் அதன்பின் வரும் 'இன்' என்பதோடும் முடிகிறதா என்று பார்த்துக்கொண்டாலே இந்த மயக்கம் தீரும். தனியாகச் செய்யத் தயங்குகிறவருக்கு வழிகாட்டும் கடமை மாவட்டத் தொழில் மையத்துக்கு உண்டு. பதிவைப் பற்றிய 2020ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது.

"யார் நம்பரில் இருந்தால் என்ன, வேலை முடிந்தால் சரி"

இந்த நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் தரகருக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் ஒரு முறையோடு போய்விடும், இதனால் விளையும் நஷ்டமோ ஆண்டுக்கணக்கில் தொடரும். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசாங்கம் கட்டணம் வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரையிலும், சேவைத் தொழில் செய்பவர் 20 லட்சத்தைத் தாண்டும் வரையிலும், சில விலக்குகள் நீங்கலாக, பதிவு செய்தாக வேண்டிய அவசியமும் இல்லை. பதிவு செய்துகொள்கிறவர்களோ, விண்ணப்பத்தை எழுதித் தருபவர் அவசரத்துக்குத் தம்முடைய மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் அதில் போட்டுவிடுவதைப் பொருட்படுத்துவதில்லை. அந்நாள் முதல் ஓ.டி.பி. அவருக்கே போகிறது, துறை அனுப்பும் நோட்டீசைப் பற்றிய தகவலும் அவருக்கே போகிறது, அவர் ஊரில் இல்லாவிட்டாலோ, அவரோடு மனஸ்தாபம் நேர்ந்துவிட்டாலோ, உடையவர் தம் கணக்கைத் தாமே பார்க்க இயலாமல் நிற்கிறார். வீடு கட்டிய கொத்தனாரிடமே வாசற்சாவியை விட்டுவிட்டுக் குடியேறுவதற்கும் இதற்கும் பேதம் இல்லை.

இவ்வாறு சிக்கியவர்களுக்கும் பரிகாரம் இருக்கிறது. தம் எல்லைக்குரிய வரி அலுவலரிடம் அடையாளச் சான்றுகளுடன் சென்று விண்ணப்பித்தால், அவர் சரிபார்த்துப் புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று கிடைக்கச் செய்வார். ஆடிட்டர்களையும் வரி ஆலோசகர்களையும் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கணக்கைச் சீர்தூக்கிப் பார்த்து யோசனை சொல்லும் படிப்புக்கும் உழைப்புக்கும் ஊதியம் கொடுப்பது தர்மமே. ஊதியம் கொடுப்பது வேறு, உரிமையைக் கொடுப்பது வேறு.

"கூகுளில் முதலில் வரப் பணம் கட்ட வேண்டும்"

வரைபடத்தில் கடையின் பெயரும் நேரமும் படமும் தெரியும்படி செய்யும் கூகுள் பிசினஸ் புரொபைல் என்ற வசதி முற்றிலும் இனாம். தேடுபவர் கேட்டதற்கு அக்கடை எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேர் பெற்றது என்ற மூன்றையும் வைத்தே வரிசை அமைவதாகவும், அதில் மேலிடத்தைப் பணத்துக்குத் தருவதில்லை என்றும் அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. விளம்பரம் என்பது தனி வியவகாரம். அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் தோன்றும். ஆகையால் "உங்கள் கடை நீக்கப்படப் போகிறது, சரிபார்ப்புக் கட்டணம் செலுத்துங்கள்" என்று தொலைபேசியில் மிரட்டுகிறவருக்கு எதையும் செலுத்த வேண்டாம். மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: பிறர் அமைத்துக் கொடுத்தாலும், முதன்மை உரிமையாளராக இருப்பது கடைக்காரரின் மின்னஞ்சலாகவே இருக்கட்டும்.

"பணம் வருவதற்கும் பின் நம்பர் போட வேண்டும்"

இது நம்பிக்கையன்று, வலை. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அது அனுப்புவதற்கே உரியது. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக வாடிக்கையாளர் செலுத்தும் தொகைக்கு 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் கமிஷன் பிடிப்பதும் இல்லை. தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்குத்தான் வாடகை. அது வேண்டாதவர் கியூ.ஆர். குறியீட்டு அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"இனாம் என்றால் மட்டம்"

லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். திரையில் தமிழிலேயே காணவும் இயலும். ஒரு மளிகைக் கடையின் இருப்புக் கணக்குக்கும் பட்டியலுக்கும் அது போதியதற்கு மேல் என்பது என் அபிப்பிராயம். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்கு உட்பட்ட ஜி.எஸ்.டி. வரிதாரர்களுக்கு இலவசக் கணக்கு மென்பொருளை ஜி.எஸ்.டி. வலைப்பின்னல் நிறுவனமே ஏற்பாடு செய்திருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலைப்பட்டியலைப் படத்துடன் அடுக்கிவைக்கலாம். கடையின் தரைவழித் தொலைபேசி எண்ணைக் கொண்டே அதில் பதிவு செய்யவும் முடியும். எல்லாமே இனாம் என்று எண்ணிவிடவும் கூடாது. வாணிபச் சின்னப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதைப் பதிவு செய்ய இணையவழி விண்ணப்பிக்கும் தனிநபரும் சிறு தொழிலும், சரக்கின் ஒவ்வொரு வகுப்புக்கும், அரசுக்கே 4,500 ரூபாய் செலுத்த வேண்டும்.

"பெரிய கம்பெனி பணம் தராவிட்டால் காத்திருப்பதே விதி"

எல்லா நம்பிக்கைகளிலும் அதிகக் கேடு செய்வது இதுதான். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறைக்காரர், சரக்கு போய் ஆறு மாதமாகியும் பணம் வராமல், கூலி கொடுக்க வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார். பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ளக் கூடாதென்று வாய் திறக்கவும் மாட்டார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழில் செய்வோரிடம் சரக்கோ சேவையோ பெற்றுக்கொண்டவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையானால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் கொடுத்தாக வேண்டும் என்று விதிக்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் அசலோடு சேர்த்துக் கூட்டுவட்டியாகச் செலுத்த வேண்டும். அதாவது வங்கி விகிதம் 6 சதவீதமாயிருந்தால் வட்டி 18 சதவீதம். இதுவுமன்றி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, இவ்வாறு காலம் கடத்திய தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் தம் செலவாகக் காட்ட முடியும். ஆதலால் காலந்தாழ்த்துவது அவருக்கும் நஷ்டமே.

2017 முதல் இயங்கும் 'சமாதான்' என்ற இணையதளத்தில், உத்யம் எண்ணையும், கொள்முதல் உத்தரவையும், பில்லையும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே முறையிடலாம். மனு மாநிலத்தின் வசதி மன்றத்துக்குப் போய்ச்சேரும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை; உற்பத்தி செய்வோருக்கும் சேவை புரிவோருக்குமே உண்டு. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தவருக்கு இது செல்லுமா என்பது நீதிமன்றங்களில் வழக்காகியிருப்பதால், முதல் பில் போடுமுன்பே பதிவை முடித்துக்கொள்வது உத்தமம். 90 நாளில் தீர்ப்பளிக்கச் சட்டம் சொன்னபோதிலும் நடைமுறையில் தாமதம் நேர்வதுண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் தீர்ப்பு பட்டறைக்காரருக்குச் சாதகமாக வந்து, அதை எதிர்த்து அந்தப் பெரிய கம்பெனி நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முன்னதாக அங்கே கட்டிய பின்னரே அதன் மனு ஏற்றுக்கொள்ளப்படும்.