முதலில் தெரிந்தவள்மேல் முதல் பழி

அன்புள்ள தங்கைக்கு,

கீழ்வேளூர் வட்டாரத்தில், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகராகப் பொறுப்பேற்கிறாய். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறோம், கணவன்மார் அப்படி வருவதில்லை. அதனால் தொற்று கணவனிடமிருந்தே வந்திருந்தாலும், வீட்டில் முதலில் தெரியவருவது பெரும்பாலும் மனைவியின் ரிசல்ட்தான். முதலில் தெரிந்தவளே கொண்டுவந்தவள் என்று பழி விழுகிறது. அடியும் விரட்டலும் அங்கிருந்து தொடங்குகின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் ரிசல்ட்டைக் கொடுத்தனுப்புகிறோம். பரிசோதனை தவறல்ல, ஆனால் நாம் செய்யும் பரிசோதனையால் வரக்கூடிய ஆபத்து நமக்கு முன்பே தெரியும். ஆகவே அவள் பாதுகாப்பை விசாரிப்பதும் நம் சிகிச்சையில் அடங்கும்.

‘அது குடும்ப விவகாரம், நமக்கு மருந்துதான் வேலை’ என்பார்கள். மருந்தைக் கொண்டே பதில் சொல்லலாம். சிகிச்சையே இல்லையென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அந்த மாத்திரையைத் தினமும், வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும். அடிக்குப் பயந்து ஒளித்து வைப்பவளுக்கு அது தவறத்தான் செய்யும். வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் மருந்தை ஒழுங்காக எடுப்பது குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளைகாப்பு முடிந்து தாய் வீடு, பிரசவத்துக்குப் பின் மறுபடி புகுந்த வீடு என்று அவள் இடம் மாறுவாள். குழந்தையின் பரிசோதனையோ 18 மாதம் வரை நீளும். எந்த வீட்டில் மாத்திரை பத்திரமாக இருக்கும், எந்த எண்ணுக்குப் போன் செய்யலாம் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்.

‘கணவனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?’ நியாயமான கேள்வி. அவன் உடம்பும் உடம்புதான். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இதை எடைபோட்டிருக்கிறது. துணைவருக்குக் கடும் ஆபத்து இருந்து, அவள் தானே சொல்ல மாட்டாள் என்று தெளிவானால், அவளிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ சொல்லலாம். ஆனால் வன்முறையோ கைவிடலோ நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. இதனால் கணவன் கைவிடப்படுவதில்லை. கர்ப்பிணிகளின் கணவர்கள் அனைவரையும் வழக்கமான பரிசோதனைக்கு அழைத்தால், யார் பெயரும் வெளிவராமல் அவனும் வருவான். மருந்தால் அவள் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவால் அவனுக்குத் தொற்றாது. அதுவரை ஆணுறை வேண்டும். அடிக்கிறவனிடம் அதைக் கேட்க முடியுமா என்பதையும் நீதான் விசாரிக்க வேண்டும்.

‘கேட்டுவிட்டு எங்கே அனுப்புவது?’ என்று நீயே தயங்கலாம். 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் புகுந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. புகார் கொடுப்பதா என்பது அவள் முடிவு, அவசரப்படுத்தாதே. மாமியாரையும் கணவனையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, ‘வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? இதற்கு முன் அடித்திருக்கிறாரா?’ என்று கேள். அவள் சொன்னதை வீட்டுக்குப் போகும் அட்டையில் எழுதாதே. நாகைக்கோ திருவாரூருக்கோ பஸ் ஏறினால் தெரிந்த முகம் எதிர்ப்படும் ஊர் இது. கசிந்த சொல்லைத் திரும்ப அள்ள முடியாது.

குழந்தைக்குத் தொற்றில்லை என்று 18ஆம் மாதத்தில் பதிவேட்டில் எழுதும்போது, தாய் எந்த வீட்டில், எந்த நிலையில் இருக்கிறாள் என்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் அதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதே.

அன்புடன்,
உன் அக்கா