வண்டியே மறைவிடம்

அன்பு மகனுக்கு,

நீ கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து, பொங்கல் லீவில் பழவேற்காடு ஏரிப் பக்கம் போகப்போவதாக அண்ணி சொன்னார். நல்ல நேரம்தான். வலசைப் பறவைகள் அக்டோபர் தொடங்கி மார்ச் வரை அங்கே இருக்கும்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போய் ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்தால் தடா தாண்டி சூலூர்பேட்டை. அங்கே வலப்பக்கம் திரும்பும் ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியை ஊடறுத்துப் போகிறது. படகு இல்லாமலே பூநாரை பார்க்கலாம்.

வருகிறவர்கள் பலர் செய்யும் தவறு, பறவையைக் கண்டதும் கதவைப் படாரென்று சாத்திவிட்டு, செல்போனோடு கரையில் இறங்குவது. நிற்கும் வண்டியைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு காலில் நடந்து வரும் மனிதனைக் கண்டால் விலகிவிடும். ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலை என்பதால் போக்குவரத்து உண்டு. அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்து, இன்ஜினை அணை, ஜன்னலை இறக்கிவிட்டுக் காத்திரு. பாட்டு வேண்டாம்.

பிறகு ஒரே ஒரு பூநாரையை மட்டும் கவனி. காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைக்கும். நாக்கு பம்பு போல நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் பாசியும் சின்ன இறால்களும் தங்கிவிடும். அந்த இரையிலிருக்கும் கரோட்டினாய்டு நிறமிதான் சிறகை ரோஜா நிறமாக்குகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். வேறு இனமோ என்று குழம்பாதே, அவை இளசுகள்.

ட்ரோன் பறக்கவிடுவதும், கைதட்டிக் கிளப்புவதும் கூடவே கூடாது. பூநாரை எடுத்த எடுப்பில் எழும்பாது, நீர்மேல் பல அடி ஓடித்தான் எழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதற்கு மேய்ச்சல் நேரமும் உடல் வலுவும் போகிறது.

ராத்திரி ஏரிக்கரையில் தங்காதே. சரணாலயப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் முகாம் போட முடியாது. சூலூர்பேட்டையில் ஒரு லாட்ஜ் வளாகத்தில் கேட்டு வேனை நிறுத்திக்கொள். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஏரியில் கொட்டாதே. மிச்சம் மீதியை நாய்க்கும் காக்கைக்கும் வீசாதே. ஆட்களின் சோற்றுக்குக் கூடும் நாய்கள் பிறகு பறவைகளையும் துரத்தும்.

மறுநாள் காலை வடக்கே நேலப்பட்டுச் சரணாலயத்துக்குப் போ. அங்கே நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். காவல் கோபுரத்தில் ஏறினால் மரத்தின் உச்சி கண்ணுக்கு நேராக வரும்; குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து மீன் எடுப்பதையும் பார்க்க வாய்ப்புண்டு.

பயணத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலையில் ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி வா. அங்கேயும் கூழைக்கடா வரும். பைனாகுலரில் பறக்கும் பறவையைப் பிடித்துப் பழகலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று இங்கே பீரோவில் இருக்கிறது. வந்து எடுத்துப் போ. வார் பிய்ந்திருக்கிறது, தைத்துக்கொள்.

இப்படிக்கு,
சித்தப்பா
அம்பத்தூர்