மறுவாரச் செய்தி உங்களுடையது

நாளிதழில் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். பட்டாசுத் தொழிலாளர்களுக்காகச் சொந்தமாகச் செய்தித்தளம் தொடங்க ஆசை. எங்கே பயிற்சி பெறலாம்?
– ஒரு வாசகி, சாத்தூர்

தாராளமாகத் தொடங்குங்கள், சகோதரி. 2002-ல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய 'கபர் லஹரியா' செய்தித்தாள், பின்னர் காணொளிக்கு மாறியது. அவர்கள் தொழிலைப் பெரும்பாலும் களத்திலேயே கற்றவர்கள்; உங்கள் பயிற்சியும் அங்கேதான். ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை எப்படி எழுதுவது என்பதற்கு, பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் தொடங்கிய, கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் 'பாரி' தளத்தைத் தமிழிலேயே படியுங்கள்.

கேமராவுக்கு முன் ஆவணங்களைப் படிக்கப் பழகுங்கள். வெடிவிபத்தன்று எல்லா ஊடகமும் வந்துவிடும். மறுவாரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்த மறுவாரம்தான் உங்கள் களம். ஆலையின் உரிமத்திலிருந்து தொடங்குங்கள்: 15 கிலோ வரையிலான பட்டாசுத் தயாரிப்பு உரிமம் மாவட்ட நிர்வாகத்தின் கையில். அதற்கு மேல் மத்திய வெடிபொருள் துறை, அதற்குச் சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு. இரண்டு இடத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும். கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, அறைகளை உள்குத்தகைக்கு விட்டதாகப் புகார் உண்டா, இழப்பீடு குடும்பத்தின் கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.

அச்சிதழும் கொண்டுவருவதானால் பத்திரிகைப் பதிவாளரிடம் தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். அச்சகத்துக்குத்தான் உங்கள் பக்கம் பஞ்சமே இல்லையே!