சென்னை அடுக்ககத்தில் முதல்முறை குடியேறுவோருக்கு முழுமையான வழிகாட்டி

வடபழனி, தி.நகர் போன்ற நெரிசலான பகுதியில் வாட்ச்மேன், லிஃப்ட், ஜெனரேட்டர், துப்புரவு என எல்லா வசதியும் உள்ள அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? புரோக்கர் முதலில் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும்தான் காட்டுவார். நீங்கள் மோட்டார் அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 1: தண்ணீர்

மெட்ரோ வாட்டர், போர்வெல், லாரி மூன்றில் எதை நம்பிக் கட்டடம் ஓடுகிறது? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோனபோது, எத்தனையோ பெரிய குடியிருப்புகள் லாரிக்காகக் காத்துக் கிடந்தன. ஆகவே வாட்ச்மேனிடமோ அங்கே குடியிருப்பவரிடமோ நேரடியாகக் கேளுங்கள்: மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்? அந்தச் செலவைத் தனியாக வசூலிக்கிறார்களா? சம்ப் எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது கழுவினார்கள்? குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்தால் உப்புத் தண்ணீரா என்பதும் தெரிந்துவிடும்.

படி 2: ஜெனரேட்டர், லிஃப்ட்

‘பவர் பேக்கப் உண்டு’ என்றால் எதற்கு உண்டு என்று கேளுங்கள். சில இடங்களில் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும்தான். சில இடங்களில் வீட்டுக்குள் விளக்கும் ஃபேனும் ஓடும். ஜெனரேட்டர் அடித்தளத்தில் இருந்தால் யோசியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதலில் மூழ்கியவை அடித்தளங்கள்தான். லிஃப்ட் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: பணமும் பத்திரமும்

மெயின்டனன்ஸ் நீங்கள் கட்டுவதா, உரிமையாளர் கட்டுவதா? ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கார்பஸ் நிதி, கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது போன்ற பெரிய செலவுகள் உரிமையாளர் பொறுப்பு என்றும் சேர்த்து எழுதுங்கள். மெயின்டனன்ஸ் மாதம் ரூ.7,500-ஐத் தாண்டி, குடியிருப்பு அசோசியேஷனின் ஆண்டு வரவும் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் 18% ஜி.எஸ்.டி. சேரும்.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

படி 4: குடியேறும் நாள்

அசோசியேஷனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சாமான் ஏற்றப் பல இடங்களில் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். லிஃப்ட்டுக்குள் பீரோ நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள். பார்க்கிங் எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: வேலை செய்யும் மனிதர்கள்

இந்த வசதிகள் எல்லாம் சிலரின் உழைப்பு. வாட்ச்மேன் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். அவருக்கு நாற்காலியும் ஃபேனும் கழிப்பறையும் இருக்கின்றனவா? ஒரு நிர்வாகத்தை எடைபோட எனக்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. சில குடியிருப்புகளில் வீட்டு வேலைக்கு வருபவர்களும் டெலிவரி பையன்களும் குடியிருப்போர் லிஃப்ட்டில் ஏறக் கூடாது, சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டும். இது அநியாயம். வழக்கம் என்று சொல்லி இதை ஏற்க முடியாது. வாடகைதாரருக்கு அசோசியேஷனில் ஓட்டு இல்லாவிட்டாலும் உரிமையாளர் வழியாகக் கடிதம் கொடுக்கலாம். சர்வீஸ் லிஃப்ட் பழுதானால் உங்கள் வீட்டுக்கு வரும் அக்கா எட்டு மாடி ஏறி வர வேண்டுமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.