சூரியகாந்தியும் அறுவடைக் காலச் சந்தையும்

பெரம்பலூர் ஜில்லாவின் குன்னம் தாலூகாவில், வெள்ளாற்றுக்குத் தெற்கே பரந்துள்ள கரிசல் நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமுமே பெரும்பான்மையாகப் பயிராகின்றன. 2018ம் ஆண்டில் படைப்புழு தோன்றி இந்த ஜில்லாவின் மக்காச்சோளத்தைப் பெரிதும் சேதப்படுத்தியது. ஒரே பயிரை நம்பியிருப்பதன் அபாயத்தைக் குடியானவர்கள் அப்போது நன்கு உணர்ந்தனர். மாற்றுப் பயிரைத் தேடுவோருக்கு ஏற்ற எண்ணெய்வித்துகளில் சூரியகாந்தியும் ஒன்று. தொண்ணூறு நாட்களில் விளைவது. ஆழ வேரோடி மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் கரிசல் நிலத்துக்கு ஏற்றது. ஆயினும் இப்பயிரில் இலாப நஷ்டத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது அறுவடைக்குப் பிந்திய மூன்று வாரங்களே. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் கீழே தொகுத்துக் கூறப்படுகின்றன.

1. பயிரின் வரலாறு

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. ருஷ்ய நாட்டில் புஸ்தவாயித் முதலிய விஞ்ஞானிகள் எண்ணெய்ச் சத்து மிகுந்த ரகங்களைத் தெரிந்தெடுத்து விருத்தி செய்தனர். அந்த ரகங்கள் 1969ல் இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டன. 1980ல் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் முதல் ஒட்டுரகத்தை வெளியிட்ட பின் சாகுபடி விரைந்து பரவிற்று. 1993-94ல் தேசமெங்கும் சுமார் 26 லட்சம் ஹெக்டேரில் இப்பயிர் இருந்தது. 2020-21ல் அது இரண்டரை லட்சம் ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. 1994லும் 1995லும் அந்நிய எண்ணெய் இறக்குமதிக்கு இருந்த தடைகள் தளர்த்தப்பட்டன. 1997ல் கர்நாடகத்தில் தோன்றிய கருகல் நச்சுயிரி நோய் பயிரை அழித்தது. விலை நிலையற்றுப் போனதால் குடியானவர்கள் வேறு பயிர்களை நாடினர். பயிரின் குறையைவிடச் சந்தையின் குறையே பெரிது என்பது இவ்வரலாற்றிலிருந்து விளங்கும்.

2. விலை எங்கே நிர்ணயமாகிறது?

இந்தியாவில் செலவாகும் சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி ருஷ்யா, உக்ரைன், அர்ஜென்டைனா முதலிய தேசங்களிலிருந்து வருகிறது. ஆகையால் குன்னத்துக் களத்தில் கிடக்கும் வித்தின் விலை கருங்கடல் துறைமுகங்களின் நிலையோடு பிணைந்துள்ளது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் யுத்தம் மூண்டதும் எண்ணெய் விலை மிக ஏறியது. அவ்வாண்டு மே மாதத்தில் மத்திய சர்க்கார் ஆண்டுக்கு 20 லட்சம் டன் சூரியகாந்திக் கச்சா எண்ணெயைச் சுங்கமின்றி இறக்குமதி செய்ய அநுமதித்தது. 2023ல் உலகச் சந்தையில் விலை சரிந்தது.

அதன் பலனை ஹரியானாவின் குருக்ஷேத்திரக் குடியானவர்கள் அநுபவித்தனர். ஆதார விலை குவிண்டாலுக்கு ரூ. 6,400 என்றிருக்க, மண்டியில் ரூ. 5,000க்கும் குறைந்த விலையே கிடைத்தது. 2023 ஜூன் மாதத்தில் அவர்கள் டில்லி செல்லும் நெடுஞ்சாலையை மறித்துக் கிளர்ச்சி செய்யும்படி நேர்ந்தது.

2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படைச் சுங்கம் விதிக்கப்பட்டது. 2025 மே மாத முடிவில் அது 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய மாறுதல்களைக் குடியானவர் தடுக்க இயலாது. ஆனால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே அவற்றைத் தெரிந்துகொள்ள இயலும். சங்கத்தின் காரியதரிசி பத்திரிகைகளிலிருந்து இவ்விவரங்களைத் திரட்டி அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது நலம்.

2025-26ம் சந்தை ஆண்டுக்குச் சூரியகாந்தி வித்தின் ஆதார விலை குவிண்டாலுக்கு ரூ. 7,721 என விதிக்கப்பட்டது. ஆனால் ஆதார விலை அறிவிக்கப்பட்டதனாலேயே கொள்முதல் நடைபெற்றுவிடாது. மாநில சர்க்கார் கோரி, மத்திய சர்க்கார் இசைந்து, கொள்முதல் நிலையம் திறந்தால்தான் அவ்விலை கைக்கு வரும். ஆகையால் கோரிக்கை மனுவை அறுவடைக்கு முன்பே அனுப்புதல் அவசியம்.

3. அறுவடைப் பக்குவம்

பூத்தட்டின் பின்புறம் எலுமிச்சை மஞ்சள் நிறம் அடைந்ததும் அறுவடை செய்யலாம். அதற்கு முன் அறுத்தால் வித்து சுருங்கி எண்ணெய் குறையும். மிகத் தாமதித்தால் கிளிகள் தின்னும், வித்தும் உதிரும். அறுத்த தட்டுகளைக் குவியலாகப் போடுதல் கூடாது. குவித்தால் உள்ளே சூடு ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். களத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்திய பின் தடியாலோ இயந்திரத்தாலோ அடித்து, தூற்றி, வித்தை மறுபடியும் காயவைக்க வேண்டும். ஈரம் நூற்றுக்கு 9 அல்லது 10 பங்குக்கு மேற்படாமல் இருந்தாலன்றிச் சேமித்துவைத்தல் தகாது.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பயிர் மார்கழி, தையில் அறுவடைக்கு வரும். மக்காச்சோளமும் அதே சமயத்தில் களத்துக்கு வருவதால் உலர்த்த இடமின்றிப் பலர் சாலைகளில் பரப்புகின்றனர். கல்லும் மண்ணும் கலந்த வித்துக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. சாலையில் செல்வோருக்கும் அதனால் ஆபத்து.

4. ஈரமான வித்தை விற்பதா, உலர்த்தி விற்பதா?

ஒரு கணக்கைக் கவனிக்கலாம். 15 சதவீதம் ஈரமுள்ள வித்து 10 குவிண்டால் ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். அதை 9 சதவீதத்துக்கு உலர்த்தினால் நிறை 9.34 குவிண்டாலாகக் குறையும். களத்துக்கே வரும் வியாபாரி ஈர வித்துக்கு ரூ. 6,000 கொடுத்தால் மொத்தம் ரூ. 60,000 கிடைக்கும். அதே தொகை உலர்ந்த வித்தில் கிடைக்க, விலை சுமார் ரூ. 6,424 இருக்க வேண்டும். உலர்ந்த வித்துக்கு ரூ. 6,800 கிடைக்குமாயின் வரவு ரூ. 63,512. உலர்த்தும் கூலி ரூ. 3,512க்கு உட்பட்டிருந்தால் உலர்த்தி விற்பதே இலாபம், மிஞ்சினால் நஷ்டம்.

‘கழிவு’ என்ற பெயரால் ஐம்பது கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ தள்ளினால், அது நூற்றுக்கு இரண்டு பங்கு. மேற்சொன்ன 10 குவிண்டாலில் அதன் மதிப்பு ரூ. 1,200. விலையை மட்டும் பேசிவிட்டுக் கழிவைப் பேசாதிருப்பவர் இத்தொகையை அறியாமலே இழக்கிறார்.

5. காத்திருப்பதன் செலவு

‘விலை ஏறும்’ என்று வித்தை வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. ரூ. 40,000 கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியானால் இரண்டு மாத வட்டி ரூ. 800. 9.34 குவிண்டாலுக்கு அதைப் பங்கிட்டால் குவிண்டாலுக்குச் சுமார் ரூ. 86 ஆகும். சாக்கு, இடவாடகை, எலிச் சேதம் ஆகியவற்றையும் சேர்த்து, அதற்கு மேல் விலை உயரும் என்று நம்பக் காரணம் இருந்தால் மாத்திரமே காத்திருக்கலாம். சூரியகாந்தி எண்ணெய் மிகுந்த வித்தாகையால் நீண்ட நாள் வைத்தால் காறல் ஏறும் என்பதையும் மறத்தலாகாது.

6. சங்கம் செய்யத்தக்கவை

முன்பணம் வாங்கியவர் தம் வித்தைக் கடன் கொடுத்தவரிடமே விற்கும்படி நேருகிறது. இக்கட்டை நீக்கவே 1904ம் ஆண்டின் சட்டத்தால் கூட்டுறவு நாணயச் சங்கங்கள் தோன்றின. சரியான எடையும் பகிரங்க விலையும் கிடைக்கவே 1933ம் ஆண்டின் சென்னை வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அதன்படி 1936ல் திருப்பூரில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. அத்தகைய கூடம் பெரம்பலூரிலும் இருக்கிறது. அங்கே தரகு கிடையாது. சந்தைக் கட்டணம் வாங்குபவரையே சாரும். இருப்பு வைத்த சரக்கின்பேரில் பொருளீட்டுக் கடன் பெறவும் வழியுண்டு.

ஒருவரது நான்கு மூட்டையைத் தேடி ஆலைக்காரர் வரமாட்டார். இருபது அங்கத்தினர்களின் சரக்கு ஒரே தரமாக உலர்த்தப்பட்டு ஒரே நாளில் கூடத்துக்குச் சென்றால், வண்டிக் கூலி குறையும். வாங்குவோர் பலர் போட்டியிட வருவர். ஆனால் ஒருவர் ஈர வித்தைக் கலந்தால் இருபதின்மரின் விலையும் குறையும். ஆதலால் சேர்ந்து விற்பதற்கு முதல் நிபந்தனை ஒவ்வொருவரும் தரத்தைக் காப்பதே.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய கேள்விகள்

(1) இவ்வாண்டு அங்கத்தினர்களுள் சூரியகாந்தி விதைத்தவர் எத்தனை பேர்? அறுவடை எந்த வாரத்தில் வரும்?

(2) உலர்த்துவதற்கு எத்தனை களங்கள் உண்டு? அவற்றை முறைவைத்து உபயோகிப்பது எப்படி?

(3) சென்ற பருவத்தில் கழிவாகத் தள்ளப்பட்டது மொத்தம் எத்தனை கிலோ? அதன் மதிப்பு என்ன?

(4) கொள்முதல் நிலையம் வேண்டி மனு எழுதப்பட்டதா? இல்லையாயின், அதை எழுதும் பொறுப்பை யார் ஏற்பது?