மானிட்டர் பழுதில்லை, பாதைதான் குறுகல்

"இவன் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை, இவனக் கேட்டா தெரியும்" என்று சொல்லும் உறவினர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அந்த நம்பிக்கையால் ஒரு கடைப் பையன் என் அப்பாவிடம் ஏச்சு வாங்கிய கதை இது. கூடவே கொஞ்சம் கணக்கும் வரும். கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

போன செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். தங்கச்சி டிசைன் டிப்ளோமா படிக்கிறாள். லேப்டாப்பின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்று சொன்னதால், அப்பா மூன்று மாத ஓவர்டைம் காசைச் சேர்த்து 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். லேப்டாப்பில் இருந்த எச்.டி.எம்.ஐ துளையில் கேபிளைச் செருகினோம். படம் அவ்வளவு தெளிவு. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டு விட்டு வந்தது.

"அண்ணே, இது ஏன் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி இருக்கு?"

செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த மானிட்டர் 30-ல் ஓடிக்கொண்டிருந்தது. 60-ஐத் தேர்வு செய்ய வழியே இல்லை. "மானிட்டர் பழுதுப்பா" என்றேன், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல்.

அப்பா மானிட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். நானும் போனேன். கடையில் இருந்த கணினியில் மாட்டினால் சமர்த்தாக 60 காட்டியது. "இங்க நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்றான் பையன். அவ்வளவுதான், அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் மகன் யூனிவர்சிட்டில இதத்தான் படிக்கிறான். அவன் பழுதுன்னு சொல்றான். என்னை ஏமாத்தப் பாக்குறியா?" பையனுக்கு என் வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டான். நான் பக்கத்திலேயே நின்றும் ஒன்றும் பேசவில்லை. '8கே' என்று தங்க நிற எழுத்தில் போட்டிருந்த ஒரு கேபிளை மட்டும் 89 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் மாட்டினால், அதே 30.

அன்று ராத்திரிதான் தகவல் தொடர்பு பாடத்தின் நோட்டை எடுத்தேன். ஒரு தடத்தின் கொள்ளளவு என்ன என்று பரீட்சையில் கேட்டால் எழுதத் தெரியும். மேசை மேல் கிடக்கும் இந்தக் கம்பியும் ஒரு தடம்தான் என்று ஏனோ தோன்றவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 4கே திரையில் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160. பெருக்கினால் 8.29 மில்லியன் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தலா 8 பிட், மொத்தம் 24 பிட். இதை விநாடிக்கு 60 முறை அனுப்பினால், விநாடிக்கு 11.94 கிகாபிட்.

இதோடு முடியவில்லை. திடலில் புல் வெட்டும் மெஷின் ஒரு ஓரம் போய்ச் சேர்ந்ததும் வளைந்து திரும்ப இடம் வேண்டும் இல்லையா? பழைய குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கதிருக்கும் அப்படித்தான். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்ப அவகாசம் தேவைப்பட்டது. குழாய்த் திரை போய்விட்டாலும் அந்த அவகாசம் போகவில்லை. எச்.டி.எம்.ஐ-யில் ஒலி போவதுகூட அந்த இடைவெளியில்தான். அதனால் எச்.டி.எம்.ஐ வழக்கப்படி 4கே படம் என்பது கம்பிக்குள் 4400 க்கு 2250 என்ற அளவில் போகிறது. மறுபடியும் பெருக்கிப் பாருங்கள்: 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 594 மில்லியன் புள்ளிகள், 14.26 கிகாபிட்.

இனி பாதையைப் பார்ப்போம். தங்கச்சியின் லேப்டாப் பழையது. அதில் இருப்பது எச்.டி.எம்.ஐ 1.4, அதாவது 2009-இல் வந்த தரம். அதன் வேகம் விநாடிக்கு 10.2 கிகாபிட் என்று எழுதியிருக்கும். அதையும் முழுசாக நம்பக்கூடாது. சிக்னல் கம்பியில் பிசகாமல் போக ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். ஆக படத்துக்குக் கிடைப்பது 8.16 மட்டுமே. அதில் 14.26 எப்படி நுழையும்? பாதியாக்கி 30 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 7.13. அது நுழைகிறது. லேப்டாப்பும் மானிட்டரும் தங்களுக்குள் பேசி, முடிந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கின்றன. 30 என்பது பழுதே இல்லை, சமரசம்!

என் 89 வெள்ளி கேபிள் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். படம் மூன்று இடங்களைக் கடந்து வருகிறது: லேப்டாப்பின் துளை, கேபிள், மானிட்டரின் துளை. மூன்றில் எது குறுகலோ அதுதான் மொத்தப் பாதையின் அகலம். நெடுஞ்சாலை எத்தனை அகலமாக இருந்தால் என்ன, டோலில் ஒரே ஒரு வழி திறந்திருந்தால் வரிசையில் நிற்கத்தானே வேண்டும்?

வேறு வழி உண்டா என்று தேடினேன். லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு டைப்-சி துளை. அதன் பக்கத்தில், டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி இருப்பது போன்ற சின்னக் குறி. டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அந்த வழியாக வரும் என்று அர்த்தம். (எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான்.) டிஸ்ப்ளேபோர்ட் 1.2-க்கு நான்கு தடங்கள், படத்துக்குக் கிடைப்பது 17.28 கிகாபிட். அதோடு இடைவெளியைக் குறைத்து அனுப்பும் முறையில் 4கே 60-க்கு 12.5 அளவே போதும். மறுநாள் அதே கடையில் டைப்-சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் சாதாரண கேபிள் ஒன்று வாங்கினேன். மாட்டியதும் 60 வந்துவிட்டது.

அதே கடை என்று சொன்னேன் அல்லவா? அப்பாவும் கூட வந்தார். நான்தான் வரச் சொன்னேன். காரில் வரும்போது கணக்கு முழுவதையும் அவருக்குச் சொன்னேன். பாதி புரிந்தது என்றார். ஆனால் யார் மேல் தப்பு என்பது முழுதாகப் புரிந்துவிட்டது. கடைக்குள் போனதும் அந்தப் பையனிடம், "தம்பி, நேத்து பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதப்பா" என்றார். நானும் சொன்னேன். என் குரல் சரியாக வரவில்லை. அவன் சிரித்துவிட்டு, "தினமும் ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க, எனக்கும் ஏன்னு தெரியாது" என்றான். ரசீதின் பின்பக்கத்தில் அவனுக்கு அந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, மறுபடியும் இழுக்குது." இந்த முறை நான் பழுது என்று சொல்லவில்லை, என்ன மாட்டினாய் என்று கேட்டேன். பென் டிரைவ், கீபோர்டு, மானிட்டர் எல்லாம் ஒரே டைப்-சி-யில் போக ஒரு ஹப் வாங்கியிருக்கிறாள். அதே டோல் கதைதான். யூ.எஸ்.பி 3 வேகத்தில் டேட்டா போக வேண்டுமென்றால் அந்த ஹப் நான்கு தடத்தில் இரண்டை எடுத்துக்கொள்கிறது. படத்துக்கு மீதி 8.64 கிகாபிட். 12.5 போகாது, 30-க்கு இறங்கிவிட்டது. மானிட்டரை நேராகவும் மற்றதை ஹப்பிலும் மாட்டச் சொன்னேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பொறியைக் காட்டுகிறேன். எச்.டி.எம்.ஐ 2.0-இன் வேகம் 18 கிகாபிட். 4கே 60-இல் நிறத்துக்கு 8-க்குப் பதில் 10 பிட் கொடுத்தால் 17.8 வரும். "18-க்குள்ள அடங்குதே!" என்று தோன்றும். அடங்காது. அந்த 18-இலும் எட்டைப் பத்தாக்கும் செலவு இருக்கிறது, கைக்கு வருவது 14.4 மட்டுமே. அப்போது கணினி நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும். சினிமா பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் ஓரமெல்லாம் கசிந்திருக்கும். டிசைன் படிக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

கேம் விளையாடுகிறவர்கள் 4கே 144 ஹெர்ட்ஸ் கேட்பீர்கள், தெரியும். இடைவெளியைச் சேர்க்காமலே 28.67 கிகாபிட். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் கிடைப்பது 25.92. அங்கே டி.எஸ்.சி என்ற சுருக்கும் முறை கைகொடுக்கிறது. கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் லேப்டாப், மானிட்டர் இரண்டுக்குமே அது தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் எச்.டி.எம்.ஐ 2.1 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அந்தப் பெயரோடு 2.0-இன் வேகம் மட்டுமே உள்ள மானிட்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. "இந்தத் துளையில் எந்த அளவுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று துளைக்குத் துளை கேளுங்கள். கேபிளுக்கு பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் 18 கிகாபிட், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48.

என் 89 வெள்ளி கேபிள் இப்போது வரவேற்பறை டிவிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த டிவி 1920 க்கு 1080 தான், 60 ஹெர்ட்ஸில் அதற்கு இடைவெளியோடு சேர்த்து 3.56 கிகாபிட் போதும். அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, சிரிக்கிறார்.